ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் படம்

ஏப்ரல், மே மாதங்களில் மும்பையின் சிவாஜி பார்க், ஆசாத் மைதானம், ஓவல் மைதானம் ஆகிய இடங்களில் காலை ஏழு மணிக்கே வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் நிரம்பி விடுகின்றனர். கோடைக் கிரிக்கெட் முகாம்களின் பருவம் அது. முகாம் முடியும் வாரத்தில் தவறாமல் நடைபெறும் ஒரு நிகழ்வு, அணியின் குழுப்படம் எடுத்தல். பயிற்சியாளர் நடுவில் அமர, பிள்ளைகள் மூன்று வரிசைகளில் அமைய, கூடவே ஒவ்வொருவரும் மட்டையுடன் தனியாக நிற்கும் ஒரு படமும் எடுக்கப்படும். மும்பை என்றில்லை; விளையாட்டுப் பயிற்சி மையங்கள் பெருகிவிட்ட எல்லா நகரங்களிலும் இன்று இவ்வழக்கம் உண்டு.

வங்கி இதழில் இதைப் பற்றிப் பேசுவானேன் என வாசகர்கள் வினவலாம். இப்படங்களை எடுப்போர் பெரும்பாலும் நம் போன்ற வங்கிகளில் சிறு கடன் பெற்று கேமரா வாங்கிய ஸ்டூடியோக்காரர்கள். பணம் கொடுத்துப் படம் வாங்கும் பெற்றோரும் நம் வாடிக்கையாளர்களே. இவ்விரு தரப்பினருக்கும் இடையே எழும் மனக்கசப்பு, தவணை தவறிய கடனாகவோ, நிறுத்தி வைக்கப்பட்ட காசோலையாகவோ இறுதியில் கிளையின் மேசைக்கு வந்து சேர்கிறது.

அவ்வாறு வந்து சேர்ந்த வழக்கு ஒன்றை நாம் அறிவோம். கடன் தவணையைச் செலுத்த இயலாத நிலையில் வந்த புகைப்படக் கலைஞர் ஒருவர், பயிற்சி மையம் ஒன்று தமக்குத் தர வேண்டிய தொகையை நிறுத்தி வைத்துவிட்டதாகக் கூறினார். படங்கள் தரமாக இல்லை என்பது மையத்தார் சொன்ன காரணம். அவர் கொணர்ந்த பிரதிகளைப் பார்த்தபோது நம் கண்ணுக்குக் குறை எதுவும் தென்படவில்லை. மேலும் விசாரித்ததில் பெற்றோரின் புகார்கள் மூன்று எனத் தெரிந்தது. கைப்பேசியில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் பிள்ளையின் முகம் கலங்கலாக இருக்கிறது. தொப்பியின் நிழலில் சில பிள்ளைகளின் கண்களே தெரியவில்லை. படத்தின் கீழே சில பெயர்கள் தவறாக அச்சாகியுள்ளன. கலைஞரோ மூன்றுக்கும் ஒரே மறுமொழி வைத்திருந்தார்: தம் கேமராவின் விலை. இரு தரப்பாரும் தரம் என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினர். இருவர் மனத்திலும் இருந்த பொருள் வெவ்வேறு. இன்ன அளவில், இன்ன நாளில், இன்ன விதமாகப் படம் தரப்படும் என்று எழுதிய துண்டுத் தாள்கூட இருவரிடமும் இல்லை.

குழுப்படத்தின் தரத்தை அதில் மிகத் தெளிவாக விழுந்த முகத்தை வைத்து அளக்கலாகாது, மிகத் தெளிவற்று விழுந்த முகத்தை வைத்தே அளக்க வேண்டும் என்பது நம் கருத்து. நடுவில் அமர்ந்திருக்கும் தலைவனும் பயிற்சியாளரும் எப்படியும் நன்றாகவே விழுவர். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், முன்னால் நிற்பவனின் தோளுக்குப் பின்னே பாதி மறைந்து நிற்கும் பிள்ளையின் வீட்டிலும் அதே தொகையைத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அப்படத்தில் உள்ள முகம் ஒன்றே ஒன்றுதான்.

கலங்கல் என்ற புகாரில் சிறிது கணக்கு அடங்கியுள்ளது. பெற்றோர் அதை அறிந்தால் பாதிச் சண்டை தீரும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் உடையது. வரிசைக்குப் பத்துப் பேராக முப்பது பிள்ளைகள் நிற்கையில், இருபுறமும் சற்று இடம் விட்டால் படத்துக்குள் ஏறத்தாழ 5 மீட்டர் அகலம் அடங்கும். அப்படியாயின் ஒரு முகத்தின் அகலத்துக்குக் கிடைப்பது சுமார் 170 புள்ளிகள். 12க்கு 18 அங்குலப் பிரதியில் அம்முகம் 13 மில்லிமீட்டர் அளவில், தெளிவாகவே அமையும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பினால் அகலம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கி விடுகிறது; முகத்துக்கு மிஞ்சுவது 45 புள்ளிகளே. அதை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் கலங்காமல் என்ன செய்யும்? இங்கே குறை கேமராவிலும் இல்லை, கலைஞரிடமும் இல்லை, அனுப்பிய வழியில் இருக்கிறது. ஆனால் பெற்றோர் முதலில் பார்ப்பது அந்தக் கைப்பேசிப் படத்தைத்தான் என்பதும் உண்மை. முழு அளவுக் கோப்பைத் தரவிறக்கும் இணைப்பாகவோ, ஆவணமாகவோ அனுப்பாத கலைஞர், தம் உழைப்பைத் தாமே மட்டமாகக் காட்டிக்கொள்கிறார்.

தொப்பி நிழல் அவ்வாறன்று. அது உண்மையான குறை. அதன் காரணமோ பெரும்பாலும் நேரம். ஒரு முகாமில் அறுபது பிள்ளைகள், இருபது பேர் வீதம் மூன்று அணிகள் என்று கொள்வோம். தனிப்படத்துக்கு ஒருவருக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் தொண்ணூறு நிமிடம் ஆகும். அணிப்படம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் அரை மணி. ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது ஆகிவிடும். மே மாதத்து ஒன்பது மணி வெயில் தொப்பியின் விளிம்பை மீறிக் கண்ணைத் தொடாது. அணிப்படங்களை முதலில் முடித்துவிட்டுத் தனிப்படங்களை மர நிழலிலோ கட்டட நிழலிலோ எடுத்துக்கொள்வது அனுபவசாலிகள் கையாளும் வழி. வெயில் முதுகில் படுமாறு நிறுத்தி, முகத்துக்குப் பிளாஷ் ஒளி தருவது மற்றொரு வழி.

ஆனால் மையத்தார் என்ன கேட்கின்றனர்? தங்கள் பெயர்ப் பலகையும், விளம்பரம் தந்த நிறுவனத்தின் பதாகையும் பின்னால் தெரிய வேண்டும் என்கின்றனர். பதாகை எங்கே கட்டப்பட்டுள்ளதோ அங்கேதான் பிள்ளைகள் நிற்க வேண்டும். அது சூரியனுக்கு எதிர்முகமாக இருந்தாலும் சரியே. கண்களை இடுக்கிக்கொண்டு முப்பது பிள்ளைகள் நிற்கும் படங்கள் பல இவ்வாறு பிறந்தவைதாம்.

இத்தொழிலின் உண்மையான சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. வாடிக்கையாளர் என்பவர் யார்? படம் எடுக்கச் சொல்பவர் மையத்தார். பணம் தருபவர் பெற்றோர். பதாகைக்கு உரியவர் வேறொருவர். படத்தில் நிற்கும் பிள்ளையை எவரும் எதுவும் கேட்பதில்லை. வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கும்போது யார் கையெழுத்துக்குப் பணம் தருவது என்பதை முதல் நாளே எழுதி வாங்குகிறோம். இங்கே நான்கு பேரின் விருப்பம் ஒரு படத்தில் அடங்க வேண்டியிருக்க, எவருடைய சொல் முதன்மை என்பதை எவரும் முடிவு செய்வதில்லை. நம்மைக் கேட்டால், பதாகைக்காக ஒரு படம் தனியே எடுத்துக்கொள்ளட்டும். பெற்றோருக்கு விற்கும் படத்தில் பிள்ளைகளின் கண்கள் தெரியட்டும். இரண்டாவது படத்துக்கு ஆவது இன்னொரு பத்து நிமிடமே.

விலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். எடுத்துக்காட்டாக, பிள்ளைக்கு ரூ.200 என்று வசூலித்தால் அறுபது பேருக்கு ரூ.12,000. அதில் நான்கில் ஒரு பங்கை மையம் எடுத்துக்கொள்ளுமானால் கலைஞருக்கு வருவது ரூ.9,000, அதாவது பிள்ளைக்கு ரூ.150. அந்த நூற்றைம்பதில் ஒரு குழுப்படப் பிரதி, ஒரு தனிப்படப் பிரதி, இரண்டுக்கும் அட்டை, உதவியாளர் கூலி, போக்குவரத்து, கேமராவின் கடன் தவணை எல்லாம் அடக்கம். பிறகு கணினியில் ஒவ்வொரு தனிப்படத்தையும் ஐந்து நிமிடம் சீர்செய்ய அமர்ந்தால் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். திருமணப் படங்களுக்குத் தரும் கவனத்தை இந்த விலையில் எதிர்பார்ப்பது நியாயமன்று. எனினும் விலை குறைவு என்பதற்காக விட்டுக்கொடுக்கக் கூடியவை எவை, எந்த விலையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை என்ற வேறுபாடு உண்டு. பின்னணி அழகு, தாளின் உயர்வு, அட்டையின் பளபளப்பு ஆகியவற்றைக் குறைக்கலாம். எல்லா முகங்களும் தெரிதல், கண்கள் திறந்திருத்தல், பெயர் சரியாக இருத்தல், சொன்ன நாளில் கொடுத்தல் ஆகிய நான்கும் செலவைவிட அக்கறையையே மிகுதியாகக் கேட்பவை. ஒரே நிலையில் ஆறேழு முறை எடுத்தால் எல்லாரும் கண் திறந்த ஒரு படமாவது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இலக்கக் கேமராவில் அதற்குச் செலவே இல்லை.

இவ்விடத்தில் கடன் தரும் மேசையிலிருந்து ஒரு சொல். ஸ்டூடியோ வைத்திருப்போர் முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் ரூ.5 லட்சம் வரை கடன் கேட்டு வருகின்றனர். விண்ணப்பத்தில் பெரும்பாலும் காண்பது புதிய கேமரா. குழுப்படம் எடுப்பவருக்கு அதைவிட முதலில் தேவைப்படுபவை மூன்று வரிசைக்கு ஏற்ற உயரமுள்ள பெஞ்சுகள், தாமே ஏறி நின்று சற்று மேலிருந்து எடுக்க ஓர் ஏணி, முக்காலித் தாங்கி, இரண்டு நல்ல பிளாஷ் விளக்குகள். லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினால் மூன்று வரிசைகளும் ஒருசேரத் தெளிவாக விழும்; இதைச் செய்யப் பழைய கேமராவே போதும். புதிய கேமரா வாங்கினால் தரம் தானே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்குக் கடன் கொடுக்க நமக்குத் தயக்கம் உண்டு.

தரத்தைப் பற்றிய சண்டைக்கு வணிகவியல் படித்தோர் அறிந்த பழைய மருந்து ஒன்று இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், மாதிரி காட்டி விற்பதைத் தனியே குறிப்பிடுகிறது: மாதிரியைக் காட்டி விற்றால் முழுச் சரக்கும் மாதிரியின் தரத்தோடு ஒத்திருக்க வேண்டும். கோதுமை வியாபாரிக்கு உரிய இவ்விதி படக்காரருக்கும் பொருத்தமான வழக்கமாகலாம். சென்ற ஆண்டு எடுத்த அணிப்படத்தின் பிரதி ஒன்றை, விற்கப்போகும் அதே அளவில், அதே தாளில், மையத்தின் அறிவிப்புப் பலகையில் மாட்டி வைக்கட்டும். இதுதான் கிடைக்கும், இதற்கு இதுவே விலை என்று பெற்றோர் கண்ணால் பார்த்துப் பணம் கட்டட்டும். மாட்டப்படும் மாதிரியில் ஓரத்து முகங்களும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பவரை மட்டும் பார்த்துத் தலையசைக்கக் கூடாது.

பணத்தை நிறுத்தி வைக்கும் மையங்களும் அறிய வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. பணியில் குறை இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் பணி ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கருதப்படும். பணம் தரும் கெடு, ஒப்பந்தம் எவ்வாறு இருப்பினும், 45 நாள்களைத் தாண்டலாகாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். மேலே கூறிய கலைஞர் உத்யம் பதிவு பெற்றவர். மையத்தார் வாய்மொழியாகக் குறை சொன்னதன்றி எதையும் எழுதித் தரவில்லை. இதை இரு தரப்பாருக்கும் எடுத்துரைத்த பின், தவறான பெயர்களைத் திருத்தி மறுபடி அச்சிட்டுத் தருவதென்றும் எஞ்சிய தொகையைப் பத்து நாள்களில் செலுத்துவதென்றும் முடிவாயிற்று. தொப்பி நிழலுக்குத் தீர்வு ஏதும் இல்லை. அந்த முகாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கலைந்து போய்விட்டனர்.

இதுவரை வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது பற்றிப் பேசினோம். நிறைவேற்றக் கூடாத எதிர்பார்ப்பும் உண்டு. பிள்ளையின் நிறத்தைச் சற்று வெளுப்பாக்கித் தருமாறு கேட்கும் பெற்றோர் இருக்கின்றனர். கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கும் ஸ்டூடியோக்களும் இருக்கின்றன. ஓர் அழகுக் களிம்பின் பெயரிலேயே இருந்த சிவப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லை 2020இல் அதன் நிறுவனம் நீக்கியது. நம் ஸ்டூடியோக்களில் அந்தச் சொல் நீங்கியபாடில்லை. இரண்டு மாதம் வெயிலில் ஓடியாடிக் கறுத்த பிள்ளை, தன் உழைப்பின் நினைவாக வாங்கும் படத்தில் வெளுத்துக் காணப்பட்டால், அவன் நிறம் குறையுடையது என்று பெற்றோரும் கலைஞரும் சேர்ந்து சொன்னதாகாதா? வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்தோம் என்பது இங்கே விடையாகாது. இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடிய பருவையும் சிராய்ப்பையும் நீக்கலாம். நிறத்தையும் மச்சத்தையும் தழும்பையும் தொடக்கூடாது என்று வரையறுத்துக்கொள்வது நன்று. ஏழு வயதுப் பிள்ளையின் விழுந்த பல்லைக் கணினியில் முளைக்க வைப்பதும் வேண்டாம். அந்த ஓட்டைப் பல் சிரிப்பு அடுத்த கோடையில் இராது.

அன்றைக்கு வராத பிள்ளையைப் பிறகு வெட்டி ஒட்டிச் சேர்ப்பது மற்றொரு வேண்டுகோள். நம் முந்தைய தலைமுறையின் பள்ளி, கல்லூரிக் குழுப்படங்களில் இதற்கு நேர்மையான முறை ஒன்று இருந்தது. வராதவரின் தனிப்படத்தை மேல் மூலையில் ஒரு முட்டை வடிவ வட்டத்துக்குள் வைப்பார்கள். அவர் அணியைச் சேர்ந்தவர் என்பதும் அன்று வரவில்லை என்பதும் ஒருங்கே விளங்கும். அதை மீண்டும் கொண்டுவரலாம்.

1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி மோகன் பகான். பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அவர்களுடைய அணிப்படம் இன்றும் அச்சாகிறது; கொல்கத்தாவில் அப்பதினொருவரின் பெயர்களையும் வரிசையாகச் சொல்வோர் உண்டு. அப்படத்தின் கூர்மையைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஓரத்தில் நிற்பவர் நாளை யாராவார் என்பதும் படம் எடுக்கும் நாளில் தெரியாது. 1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் சாரதாஸ்ரம் பள்ளிக்காக டெண்டுல்கரும் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் குவித்த கதையை நாடே அறியும். அவ்வாட்டத்தில் அடுத்து இறங்க வேண்டியவராகப் பேடு கட்டிக்கொண்டு காத்திருந்து, கடைசிவரை மட்டை பிடிக்க வாய்ப்பே பெறாத சிறுவர் அமோல் முசும்தார். இந்திய அணியில் ஆடும் வாய்ப்பும் அவருக்கு அமையவில்லை. 2025இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவரே.

படத்தின் உரிமை பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கூலி கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், எடுத்தவர் அல்லர். மையம் சொல்லி, பெற்றோர் பணம் கட்டிய படத்தில் எடுக்கச் சொன்னவர் யார் என்பது வாதத்துக்கு இடமானது. விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, சமூக ஊடகத்தில் இடலாமா என்பவற்றை முன்கூட்டியே எழுதிக்கொள்வதும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் ஆதலால் பெற்றோரின் சம்மதத்தைக் கையொப்பத்துடன் பெறுவதும் அவசியம்.

எஞ்சியது பெயர். மூன்று புகார்களுள் சிறியதாகத் தோன்றும் இதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். தமிழ் வாசகர்களுக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. மும்பை போன்ற நகரங்களில் படிவங்கள் தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கட்டங்களுடன் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று பெற்றோர் தந்தை பெயரைக் கடைசிக் கட்டத்தில் எழுதுவர். இடப் பற்றாக்குறையால் படத்தின் கீழே குடும்பப் பெயரை மட்டும் அச்சிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விளைவு, பிள்ளையின் முகத்துக்குக் கீழே அப்பாவின் பெயர். வங்கிக் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் ஒரு பெயர் என்று அலையும் தமிழ் வாடிக்கையாளர்களை நாள்தோறும் கிளையில் காணும் நமக்கு இது புதிதன்று. வங்கியில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துத் திருத்திக்கொள்ள வழி உண்டு. வரவேற்பறைச் சுவரில் முப்பது ஆண்டுகள் தொங்கப்போகும் படத்துக்கு அந்த வழி இல்லை.

ஆகவே பெயர்களைப் படிவத்திலிருந்து அப்படியே படியெடுக்காமல், வரிசை வாரியாக, இடமிருந்து வலமாக எழுதிய பட்டியலைப் படத்தோடு சேர்த்து மையத்தின் பலகையில் ஒட்ட வேண்டும். தம் பிள்ளையின் பெயர் அச்சில் எப்படி வர வேண்டுமோ அப்படிப் பெற்றோரே அதில் திருத்திக் கையொப்பமிடட்டும். எல்லாக் கையொப்பங்களும் வந்த பிறகே அச்சுக்கு அனுப்பலாம். அதற்காகப் படம் இரண்டு நாள் தாமதமாகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் போதும். அந்த இரண்டு நாள்களுக்காகக் கோபித்துக்கொண்ட பெற்றோரை நாம் இதுவரை கண்டதில்லை.